பேஜாரு என்ற சொல்லும் என் இரண்டாவது விண்ணப்பமும்

2023 ஆகஸ்டில் ஒரு வாரம் நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. எம்.ஏ. சைக்காலஜிக்கு ஐந்து இடங்களில் விண்ணப்பித்திருந்தேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. என்னோடு பி.ஏ. முடித்தவர்களில் சிலர் தில்லிக்கும் மும்பைக்கும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீடு முதல் மாடி. கீழே தெருவில் யாராவது அம்மாவிடம் "பாப்பாவுக்கு எங்க சீட்டு கிடைச்சுது?" என்று கேட்டால் மேலே அப்படியே காதில் விழும். அம்மா ஒவ்வொரு தடவையும் "பாத்துட்டிருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அடுத்த வருடம் அதே பட்டம், அதே மதிப்பெண் பட்டியலோடு விண்ணப்பித்தேன். மூன்று இடங்களில் கிடைத்தது. இடையில் இருந்த பத்துப் பதினொரு மாதத்தில் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பி.ஏ. இரண்டாம் வருடத்தில், வீட்டில் விசாரிக்க யாரும் இல்லாமல் இருக்கும் பிள்ளைகள் என் மனதில் இருக்கிறார்கள். எனக்கும் அப்போது யாரும் இல்லை. அப்பா பீன்யாவில் ஒரு பட்டறையில் ஃபிட்டர், அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான்.

நான் படித்தது மூன்று பாடங்களை மேஜராகக் கொண்ட பி.ஏ.: சைக்காலஜி, சோஷியாலஜி, எகனாமிக்ஸ். 2020-இல் சேர்ந்ததால் முதல் வருடம் பாதிக்கு மேல் ஆன்லைனில் போனது. மிரர் டிராயிங், முல்லர்-லையர் இல்யூஷன் போன்ற பிராக்டிகல்களைக் கண்ணால் பார்க்காமலே ரெக்கார்டு எழுதினோம். மதிப்பெண் நன்றாக வந்தது. மதிப்பெண் வந்தால் போதும், மேற்படிப்பு தானாக வந்துவிடும் என்று மூன்று வருடமும் நம்பினேன்.

முதல் தடவை என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருடம் ஜனவரியில் எல்லாரும் இன்டர்ன்ஷிப் என்று பேசத் தொடங்கியபோது பயம் வந்தது. இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு ஆன்லைன் இன்டர்ன்ஷிப்புக்கு ₹3,500 கட்டினேன். இரண்டு வாரம், தினமும் ஒரு மணி நேரம் யாரோ ஸ்லைடு படித்தார்கள், கடைசியில் தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. அந்த வருடம் ஒரு நேர்காணலில் அதைக் குறிப்பிட்டேன். எதிரே இருந்த பேராசிரியர் அமைதியாக, "அங்கே நீங்கள் யாரோடு வேலை செய்தீர்கள்? என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பணம் அப்பாவின் ஓவர்டைம் பணம். இன்றும் அது எனக்கு வலிக்கிறது. ஆகவே இதை அழுத்தியே சொல்கிறேன்: வேலை கற்றுக்கொள்ள நீங்கள் பணம் கட்ட வேண்டிய இடத்தில், உங்களுக்குக் கிடைப்பது சான்றிதழ் மட்டும்தானா என்று முதலில் பாருங்கள். உங்கள் வேலையைப் பார்த்துத் திருத்தப்போகிறவர் யார், அவர் என்ன தகுதி உள்ளவர் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னால் போய்க் கேட்டேன். துறைத் தலைவர் என்றால் கடிதத்துக்கு எடை அதிகம் என்று நினைத்து அவரிடம் கேட்டேன். அவர் எங்களுக்கு ஒரே ஒரு செமஸ்டர் பாடம் எடுத்தவர், வகுப்பில் எழுபது பேர். "ஒழுக்கமான, உழைப்பான மாணவி" என்ற அளவில் அவரால் எழுத முடிந்தது. அவர்மேல் தவறு இல்லை, அவருக்குத் தெரிந்ததை எழுதினார்.

எஸ்ஓபி என்று எல்லாரும் சொல்லும் நோக்க அறிக்கையைச் 'சிறு வயதிலிருந்தே மனித மனம் என்னை ஈர்த்தது' என்று ஆரம்பித்தேன். அது உண்மைகூட இல்லை. பியூசியில், அதாவது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில், காமர்ஸ் படித்தேன். எகனாமிக்ஸ் பிடிக்கும் என்பதற்காக அந்தக் காம்பினேஷனில் சேர்ந்து, பிறகுதான் சைக்காலஜி பிடித்தது. உண்மையை எழுதியிருந்தாலே இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

எதுவும் கிடைக்காத அந்த ஆகஸ்டில், மூன்றாம் வருடத்தில் எங்களுக்குப் புள்ளியியல் எடுத்த மேடம் ஒருநாள் போன் செய்தார். அவருக்குத் தெரிந்த ஒரு பிஎச்.டி. மாணவிக்குத் தமிழ் பேசும் உதவியாள் தேவை, வாரம் மூன்று நாள், போக்குவரத்துச் செலவு மட்டும் கொடுப்பார்கள் என்றார். சம்பளம் இல்லை என்றதும் தயங்கினேன். அப்பாதான், "வீட்ல சும்மா உக்காந்து அழறதுக்கு இது மேல் இல்லையா, போய்ட்டு வாம்மா" என்றார்.

அந்த அக்கா செய்துகொண்டிருந்த ஆய்வு, மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளைப் பற்றியது. சைக்காலஜி படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்: குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் ஆகியோர் 2001-இல் வெளியிட்டது, ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு அடிக்கடி என்பதற்கு 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கலாம், மேலும் பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். இதற்குத் தமிழ் வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. அக்காவின் கேள்வி வேறு. பெங்களூரில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர்கள், அதுவும் வீட்டுவேலைக்கும் கார்மென்ட்ஸுக்கும் போகும் பெண்கள், அந்தக் கேள்விகளைக் கேட்டதும் என்னவென்று புரிந்துகொள்கிறார்கள்? ஒவ்வொரு கேள்வியையும் படித்துவிட்டு, "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றியது? இந்தப் பதிலை எப்படி முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டு எழுதுவது என் வேலை. காக்னிட்டிவ் இன்டர்வியூ என்று இதற்குப் பெயர். பாடத்தில் ஒரு வரி படித்திருந்தேன். ஒரு பெண்மணியின் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அதைச் செய்யும்போதுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது.

'இரண்டு வாரத்தில் பாதி நாளுக்கு மேல்' என்றால் ஒருவர், "லீவு நாள சேத்தா, சேக்காமலா?" என்றார். நியாயமான கேள்வி. எட்டாவது கேள்வி மெதுவாகப் பேசுவது, நடப்பது பற்றியும் அதற்கு நேர்மாறாக ஓரிடத்தில் இருக்க முடியாத பரபரப்பு பற்றியும் ஒரே மூச்சில் கேட்கும். "ரெண்டுல எதுக்குப்பா பதில் சொல்லணும்?" என்று அநேகமாக எல்லாரும் கேட்டார்கள். ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்வி வைக்கக் கூடாது என்று ஆராய்ச்சி முறையியல் பாடத்தில் மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். உலகம் முழுவதும் பயன்படுத்தும் ஒரு தாளில் அது இருக்கிறது என்பதை எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு பெண் எனக்குக் காட்டிக்கொடுத்தார்.

தூக்கத்தைப் பற்றிய கேள்வியை என்னால் மறக்க முடியாது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். அவரிடம் கேட்டுக்கொண்டு, ஆள் தெரியாதபடி சொல்கிறேன். தூக்கம் கெடுகிறதா என்ற கேள்விக்கு 'ஏறத்தாழ தினமும்' என்று சொன்னார். மூன்று மதிப்பெண். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "தூக்கம் வராம இல்லம்மா. தண்ணி ராத்திரி ரெண்டு மணிக்கு வுடறான். புடிச்சு வைக்கலன்னா காலைல பசங்க எப்படிப் போவும்?" என்றார். தாளை மட்டும் பார்த்தால் அவர் மனச்சோர்வை நோக்கி மூன்று படி ஏறியிருப்பார். உண்மையில் அது குழாய்த் தண்ணீர். அதற்காக அந்தத் தூக்கக்கேடு பொய்யும் அல்ல. மாதக் கணக்கில் இரண்டு மணிக்கு எழுந்தால் மனசும் கெடும்தானே. இந்த இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அன்று இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. சைக்காலஜியில் எனக்கென்று ஒரு கேள்வி வந்தது அன்றுதான்.

அப்புறம் பேஜாரு. மனம் சோர்ந்திருப்பதைப் பற்றிய கேள்வியைப் படித்தால், பலர் அதைத் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்வார்கள்: "பேஜாரா இருக்கறதா? ஆமா, இருக்கு." சென்னைப் பக்கம் பேஜாரு என்றால் தொல்லை, ரோதனை. இங்கே கன்னடத்திலிருந்து வந்த அர்த்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: வருத்தம், சலிப்பு, ஒன்றும் பிடிக்காமல் போவது எல்லாம் சேர்ந்த ஒன்று. தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதிய எந்தத் தாளிலும் அந்தச் சொல் இருக்காது. நாங்கள் வீட்டில் பேசும் தமிழ் கலப்படத் தமிழ் என்று பள்ளியிலிருந்தே எனக்கு ஒரு கூச்சம் உண்டு. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் வகுப்புத் தோழிகள் முன்னால் அந்தக் கூச்சம் இன்னும் அதிகம். அந்தப் பேச்சு தெரிந்த ஒரே காரணத்தால்தான் அந்தச் சமையலறைகளில் என்னால் உட்கார முடிந்தது.

ஒன்பதாவது கேள்வி உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் நான் அங்கேயே நிறுத்த வேண்டும், அக்காவைக் கூப்பிட வேண்டும், அவர் வரும்வரை அங்கிருந்து நகரக் கூடாது என்பது முதல் நாளே சொல்லப்பட்ட விதி. ஆய்வுக்கு எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் வாங்கும்போதே அதை எழுதிக் கொடுத்திருந்தார்கள். எல்லாருக்கும் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணைத் தமிழில் எழுதிய சீட்டும் கொடுப்போம். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய அரசு சேவை அது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம். அப்படி இரண்டு முறை நிறுத்த வேண்டி வந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன். ஆனால் சைக்காலஜி படிக்கப்போகிறேன் என்று சொல்பவர்கள், தாங்கள் கேட்கும் கேள்விக்கு வரும் பதிலை என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்துகொண்டுதான் கேட்க வேண்டும் என்பதை அங்கே கற்றேன்.

இத்தனையும் நடக்கும்போது என்ட்ரன்ஸுக்கும் படிக்க வேண்டியிருந்தது. முதுநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வுக்கு சியூஇடி பிஜி என்று பெயர். 2023-இல் அது நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், அதில் இருபத்தைந்து பொதுக் கேள்விகள். 2024-இல் எழுபத்தைந்து கேள்வி, எல்லாமே பாடத்திலிருந்து, ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம். அடுத்த வருடம் அதுவும் தொண்ணூறு நிமிடமாகக் குறைந்தது. சீனியர் சொன்ன கணக்கை நம்பாமல், அந்தந்த வருடத்து அறிவிப்பை நீங்களே வரி விடாமல் படியுங்கள். சரியான விடைக்கு நான்கு, தவறானதற்கு ஒன்று கழிவு என்பது நான் எழுதிய இரண்டு தடவையும் அப்படியே இருந்தது. தில்லிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இந்த மதிப்பெண்ணே சேர்க்கையை முடிவு செய்துவிடும். நேர்காணல் வைக்கும் இடங்களுக்கு இது வாசலைத் திறந்துவிடுவதோடு சரி.

முதல் தடவை நோட்ஸைத் திரும்பத் திரும்பப் படித்தேன், மஞ்சள் மையால் அடிக்கோடு போட்டேன். இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் செய்த சோதனையை நான் தேர்வுக்காகவே படித்திருந்தேன். ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். படித்ததைப் படிப்பதற்கே பயன்படுத்தவில்லை. இரண்டாம் முறை அதைத்தான் செய்தேன். காலை ஐந்தரைக்கு ஒரு தலைப்பைப் படிப்பது. மெட்ரோவிலோ பஸ்ஸிலோ மனதில் ஓட்டுவது. இரவு ஒரு வெள்ளைத்தாளில் பார்க்காமல் எழுதுவது. எழுத வராத இடத்தை மட்டும் சிவப்பில் குறித்து மறுநாள் பார்ப்பது. நான்கு நாள் கழித்து அதே தலைப்பு, பிறகு பத்து நாள் கழித்து. ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போய்விடுவேன். வீட்டில் தையல் மெஷின் சத்தத்தில் எழுதிப் பார்ப்பது கஷ்டம்.

பியூசியில் சைக்காலஜி படிக்காதவர்கள் என்சிஇஆர்டியின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அடிப்படை உறுதியாகும். இந்திய சைக்காலஜியின் வரலாற்றைப் பலர் கடைசியில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த பகுதியாகிவிட்டது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1924-இல் சைக்காலஜித் துறையைத் தொடங்கிய எம்.வி. கோபாலசுவாமிதான் 1935-இல் மைசூரில் ஆகாசவாணி என்ற வானொலி நிலையத்தையும் தொடங்கினார். நம்மிடமிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் நடந்த விஷயம், எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

புள்ளியியலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பாதிப் பேர் அதைப் பார்த்து ஓடுகிறோம். எங்கள் கல்லூரி லேபில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் இருந்தது. படிப்பு முடிந்ததும் கை விட்டுப் போய்விட்டது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஜாஸ்ப் என்ற மென்பொருள் இலவசம், என் பழைய லேப்டாப்பிலும் ஓடியது. பி.ஏ. புராஜெக்ட்டின் தரவை அதில் போட்டு மறுபடியும் பார்த்தேன். அறுபது மாணவிகள், எல்லாரும் என் வகுப்புத் தோழிகளும் அவர்களுடைய தோழிகளும். பி மதிப்பு, அதாவது உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு, வழக்கமான 0.05 எல்லைக்குக் கீழே 0.04 என்று வந்ததால் 'கருதுகோள் உறுதியானது' என்று எழுதியிருந்தேன். எதற்கும் எதற்கும் தொடர்பு இருக்கிறது என்று எத்தனை ஜோடி விஷயங்களைச் சோதித்துப் பார்த்து அந்த ஒன்று கிடைத்தது என்பதை எழுதவே இல்லை. 2015-இல் ஒரு பெரிய ஆய்வுக் குழு நூறு சைக்காலஜி ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் ஏறக்குறைய எல்லாமே புள்ளியியல்படி முக்கியத்துவமுள்ள முடிவைக் காட்டியிருந்தன. மறுபடி செய்தபோது 36 சதவீதத்தில்தான் அப்படி வந்தது. அதைப் படித்துவிட்டு என் புராஜெக்ட்டைப் பார்த்தபோது ஏன் என்று புரிந்தது. புதிதாக எதுவும் செய்ய வாய்ப்பில்லை என்றால், செய்த புராஜெக்ட்டின் குறைகளை இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். அதைவிட நல்ல நேர்காணல் பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது எஸ்ஓபி இரண்டு மணித் தண்ணீரில் ஆரம்பித்தது. முதல் பத்தி அந்தச் சம்பவம். அடுத்து, அதனால் எனக்கு வந்த கேள்வி: வாழ்க்கைச் சூழலால் வரும் தொந்தரவையும் நோயின் அறிகுறியையும் ஒரு கேள்வித்தாள் எப்படிப் பிரிக்கும்? அதற்காக நான் படித்த நான்கு கட்டுரைகள், எனக்குத் தெரிந்த புள்ளியியல், தெரியாத புள்ளியியல். கடைசியாக, அந்தத் துறையில் யார் இப்படிப்பட்ட வேலை செய்கிறார்கள், அவர்களிடம் எதைக் கற்க விரும்புகிறேன் என்பது. இந்தக் கடைசிப் பகுதியை ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக எழுத வேண்டும். பேராசிரியர்களின் கட்டுரைகளை உண்மையிலேயே படித்தால்தான் எழுத முடியும், அதற்கு ஒரு இடத்துக்கு ஒரு வாரமாவது பிடிக்கும். ஏழு தடவை திருத்தினேன். அக்கா ஒருமுறை பார்த்தார், புள்ளியியல் மேடம் ஒருமுறை. 'ஆர்வம்' என்ற சொல் வந்த இடத்தையெல்லாம் மேடம் வட்டமிட்டு, "இங்கே என்ன செய்தாய் என்று எழுது" என்றார்.

கடிதங்களை அவர்கள் இருவரிடமுமே கேட்டேன், இந்தத் தடவை இரண்டு மாதம் முன்னால். ஒரு பக்கத்தில் நான் செய்த வேலைகள், அவர்கள் நேரில் பார்த்தது எது, எந்த இடத்துக்கு என்ன தேதி என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா அப்போது பட்டம் வாங்காத மாணவிதான். இருந்தாலும் நான் எழுதிய நேர்காணல் குறிப்புகளைப் பத்து மாதம் படித்தவர் அவர். சில இடங்களில் ஆசிரியர் கடிதம்தான் வேண்டும் என்பார்கள். அங்கே அவருடைய வழிகாட்டியும் சேர்ந்து கையெழுத்திட்டார்.

நேர்காணலில் ஒருவர், "பேஜாரு என்பதை ஆங்கிலத்தில் எப்படி மொழிபெயர்ப்பீர்கள்?" என்று கேட்டார். ஒரு சொல்லில் முடியாது, நான் மூன்று சொற்களை வைத்து முயன்றேன், மூன்றுமே ஒரு பக்கத்தை விட்டுவிடுகின்றன என்று சொன்னேன். மொழிபெயர்த்ததை இன்னொருவர் மறுபடி மூலமொழிக்குக் கொண்டுவந்து ஒப்பிடும் முறையை பிரிஸ்லின் 1970-இல் எழுதினார். அந்த முறையில் இந்தச் சொல் எங்கே நழுவுகிறது என்றும் சொன்னேன். அந்தப் பேச்சு இருபது நிமிடம் போனது. சில இடங்களில் என் ஆங்கிலம் தடுமாறியது. அதை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

சீட்டு கிடைத்ததும் சொந்தக்காரர்கள், "நிம்ஹான்ஸ்ல டாக்டர் ஆயிடுவியா?" என்று கேட்டார்கள். பெங்களூர்த் தமிழ் வீடுகளில் மனநலம் என்றால் இங்கே இருக்கும் பெரிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ்தான். இதில் படிக்கும் பிள்ளைகளுக்கே குழப்பம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். எம்.ஏ. முடித்தவுடன் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்சிஐ அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். இத்தனை காலம் அது பெரும்பாலும் இரண்டு வருட எம்ஃபில். 2020 கல்விக் கொள்கையைத் தொடர்ந்து எம்ஃபில் நிறுத்தப்பட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டித்தார்கள். அதற்கு மாற்றாக ஆர்சிஐ புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. இந்த மாற்றத்தைப் பயன்படுத்தி விளம்பரம் செய்யும் இடங்கள் உண்டு. கல்லூரி, படிப்பின் பெயர், நீங்கள் சேரும் ஆண்டு ஆகிய மூன்றும் ஆர்சிஐ பட்டியலில் சேர்ந்து இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். தபால்வழியில் எம்.ஏ. படிக்கலாம் என்று நினைத்திருந்தவர்களுக்கும் ஒரு செய்தி: 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைதூர, ஆன்லைன் முறையில் சைக்காலஜிக்குப் புதிய சேர்க்கை கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அறிவித்துவிட்டது.

வெளிநாட்டைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை, என் தோழி பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். அமெரிக்காவில் பல பிஎச்.டி. இடங்களில் கல்விக் கட்டணமும் உதவித்தொகையும் அவர்களே தருவார்கள், எம்.ஏ.வுக்கு அப்படிக் கிடைப்பது அரிது. கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் தொடக்கம், ஆகவே ஜூன் மாதமே வேலை ஆரம்பமாக வேண்டும். நம் மூன்று வருட பி.ஏ.வைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை, பதினாறு வருடப் படிப்பு கேட்பார்கள். கர்நாடகத்தில் நான்கு வருடப் பட்டம் வந்து 2024-இல் மறுபடி மூன்றாகிவிட்டதால், இப்போது சேரும் பிள்ளைகள் இதை முதல் வருடமே யோசிப்பது நல்லது.

மூன்று இடங்களில் ஒன்று தில்லி. எல்லாரும் அங்கேதான் போகச் சொன்னார்கள். நான் பெங்களூரிலேயே சேர்ந்தேன். விடுதிச் செலவு ஒரு காரணம். என் கேள்வி இந்தத் தெருக்களில் இருக்கிறது என்பது பெரிய காரணம். அப்பாவுக்கு இதை விளக்க நிறைய நேரம் பிடித்தது. "பெரிய ஊர்ல கிடைச்சும் போவலன்னா, வேற யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து அந்த ஒன்பது கேள்விகளையும் அவரிடமே கேட்டேன். மூன்றாவது கேள்விக்கு, தூக்கத்துக்கு, வெகுநேரம் யோசித்தார். "ஷிஃப்ட் மாறுற வாரமா, மாறாத வாரமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, நான் அதை எழுதிக்கொள்வதைப் பார்த்தார். அதற்குப் பிறகு தில்லியைப் பற்றி அவர் பேசவில்லை.

இப்போது எம்.ஏ. இரண்டாம் வருடம். டிசர்டேஷனுக்கு அறுபது பேரைப் பார்க்க வேண்டும், முப்பத்தொரு பேர் முடிந்திருக்கிறது. பிஎச்க்யூ-9 கேட்பதற்கு முன்னால் ஒரு சின்னப் படிவம் வைத்திருக்கிறேன்: வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, ஷிஃப்ட் உண்டா, இரவில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் யாராவது இருக்கிறார்களா. முதலில் பன்னிரண்டு கேள்வி எழுதினேன், கைடு ஐந்தாகக் குறைக்கச் சொன்னார். எதை விடுவது என்று முப்பத்தொரு பேரின் பதில்களையும் தரையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்திரண்டாவது அக்கா கார்மென்ட்ஸிலிருந்து ஆறரைக்கு வந்துவிடுவார். அவர் அடுப்பு பற்றவைப்பதற்குள் போக வேண்டும்.